இரண்டு ஸ்வரம்

எளிமை என்ற வார்த்தையை நாற்பது வருஷமாக விமர்சனங்களில் உபயோகித்து வந்திருக்கிறேன். பாராட்டும்போது அதைச் சொல்லியிருக்கிறேன். பாராட்டுவதற்கு வேறொன்றும் அகப்படாதபோதும் அதையே சொல்லியிருக்கிறேன். ஒரு நாவலை அந்த ஒரு வார்த்தையைச் சற்றே திருப்பிப் போட்டுத் தள்ளியும் இருக்கிறேன்; அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன். வார்த்தைக்கு என்னதான் அர்த்தம் என்று உட்கார்ந்து யோசிக்க நேர்ந்தது எழுபதாவது வயதில்தான். கழுத்தில் மூன்று கிலோவுக்கு மேல் கனக்கிற ஒரு பித்தளை வாத்தியத்தை மாட்டிக்கொண்டு, இரண்டே இரண்டு ஸ்வரங்களை ஒழுங்காக வாசிக்க முடியாமல் திண்டாடியபோது.

என் மகள் நியூயார்க்கில், க்வீன்ஸ் பகுதியில் இருக்கிறாள். ஒரு குளிர்காலம் முழுவதும் அவள் வீட்டில் தங்கியிருந்தேன். பகலில் அவளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விடுவார்கள். கொண்டுபோன புத்தகங்கள் மூன்றாவது வாரத்திலேயே தீர்ந்துவிட்டன. கீழ்த்தளத்தில் ஒரு வயதான கறுப்பர் தனியாகக் குடியிருந்தார். தினம் பதினோரு மணிக்கு அவர் வீட்டிலிருந்து டெனர் ஸாக்ஸபோன் சப்தம் எழும். இளமையில் நடனக் குழுக்களில் வாசித்தவர். பிறகு சுரங்க ரயிலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என்னை உள்ளே வரச் சொன்னார்.

"உங்களுக்கு ஸங்கீதம் தெரியுமா?" என்று கேட்டார்.

"வாசிக்கத் தெரியாது. கேட்கத் தெரியும்" என்றேன்.

"எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று சொல்லிச் சிரித்தார்.

எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. அந்த வேகத்தில்தான், எளிமையான பாட்டு ஒன்று கற்றுக்கொடுங்கள் என்று கேட்டுவிட்டேன். மகள் மாலையில் வந்து, "அப்பா, உங்களுக்கு எதற்கு இந்த வயசில் இந்த வம்பு?" என்றாள். நியாயமான கேள்விதான்.

அவர் தேர்ந்தெடுத்தது 'ஸி ஜாம் ப்ளூஸ்' என்ற டியூக் எல்லிங்டனின் மெட்டு. எல்லிங்டன் 1942 ஜனவரியில் தம் குழுவோடு அதை இசைத்தட்டில் பதிவு செய்தார். மெட்டில் இருப்பவை இரண்டு ஸ்வரங்கள். மேல்நாட்டார் அவற்றை ஜி என்றும் ஸி என்றும் சொல்வார்கள். நம் பாஷையில் சொன்னால் பஞ்சமமும் மேல் ஷட்ஜமமும்.

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பஞ்சமமும் ஷட்ஜமமும் நமக்கு ஸங்கீதமே அல்ல, ஸங்கீதம் உட்காருகிற பாய். தம்புராவில் கச்சேரி முழுவதும் ஒலித்துக்கொண்டிருப்பவை அவை. ரிஷபம், காந்தாரம் போல இவற்றில் வகை கிடையாது. கமகம் கொடுத்து அசைக்கவும் வழியில்லை. இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு ராகம் பாடு என்றால் எந்த வித்வானும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். இதைப் போய் ஒரு மெட்டு என்று அமெரிக்காவில் எண்பது வருஷமாக வாசிக்கிறார்களே என்று நினைத்தேன்.

வாத்தியத்தைக் கையில் எடுத்த பிறகு அந்தச் சிரிப்பு நிற்கவில்லை; ஆனால் சிரித்தது நான் அல்ல.

ஸாக்ஸபோன் பெல்ஜியத்துக்காரரான அடால்ஃப் ஸாக்ஸ் 1846-ல் பாரிஸில் உரிமை பதிவு செய்த வாத்தியம். உடம்பு பித்தளை, ஆனால் பேசுவது பித்தளை அல்ல, நாணல் தட்டையில் சீவிய ஒரு சின்னச் சீவாளி. நாகஸ்வரத்தின் சீவாளியில் இரண்டு இதழ்கள் ஒன்றோடொன்று அதிரும். இதில் ஒரே இதழ். ஊதும் முனையின் அடிப்புறத்தில் வைத்து இறுக்கியிருக்கும். மேல் பற்களை முனையின் மேல் பதித்து, கீழ் உதட்டைப் பற்களின் மேல் மடித்து, அதில் சீவாளியைத் தாங்கி ஊத வேண்டும். உதடு அதிகம் இறுகினால் கீச்சென்று கத்தும். தளர்ந்தால் வெறும் காற்று வரும். முதல் பத்து நாள் என்னிடமிருந்து வந்தவை இந்த இரண்டு சப்தங்கள்தான்.

நமக்கு ஸாக்ஸபோன் என்றால் கத்ரி கோபால்நாத் நினைவுக்கு வருவார். அவர் பெரும்பாலும் கையாண்டது ஆல்டோ; டெனர் அதைவிடப் பெரிது, குரலும் கனம். அதில் இன்னொரு விசித்திரம், தாளில் எழுதியிருக்கும் ஸ்வரத்துக்கும் காதில் விழும் ஸ்வரத்துக்கும் இடையே உள்ள தூரம். மற்றவர்களுடைய ஜியும் ஸியும் டெனர் வாசிப்பவனுக்கு ஏயும் டியும் ஆகிவிடும். இந்த ஏக்கு இரண்டு விரல்களால் மூடினால் போதும். அடுத்த டிக்கோ ஆறு விரல்களும் மூட வேண்டும். கூடவே இடது கட்டை விரலால் பின்னால் உள்ள விசையை அழுத்த வேண்டும். நாலு விரல்களும் ஒரு கட்டை விரலும் ஒரே கணத்தில் இறங்கியாக வேண்டும். ஒன்று பிந்தினால் நடுவில் வேறொரு ஸ்வரம் எட்டிப் பார்க்கும். இரண்டே ஸ்வரமுள்ள மெட்டில் நான் நாலு வாசித்துக்கொண்டிருந்தேன்.

விரல்கள் ஒருவாறு படிந்த பிறகு தாளம் வந்தது. நான் வழக்கம்போல முதல் தட்டில் தொடை தட்டினேன். அவர் இரண்டாவதிலும் நாலாவதிலும் தட்டச் சொன்னார். நம்மிடம் எடுப்பு தள்ளி வரும் கீர்த்தனைகள் இருக்கின்றனவே, இது என்ன பிரமாதம் என்று எண்ணினேன். ஆனால் நாம் ஸமத்தைக் கையால் காட்டிவிட்டுத் தள்ளி எடுக்கிறோம். இவர்கள் ஸமத்தைச் சொல்லாமல் மனசுக்குள் வைத்துக்கொள்கிறார்கள். கை விழுவது இடையில். மெட்டிலும் சப்தத்துக்கு இணையாக மௌனம் இருக்கிறது. பஞ்சமம் சில தரம்; பிறகு ஷட்ஜமத்துக்கு ஒரு தாவல்; பிறகு சும்மா இருப்பது. அந்தச் சும்மா இருப்பதுதான் எனக்கு வரவில்லை.

ப்ளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பர்கள் உண்டாக்கிய பாட்டு வடிவம். நாலு தட்டு கொண்டது ஓர் ஆவர்த்தனம் என்றால், பன்னிரண்டு ஆவர்த்தனங்கள். அவை நாலு நாலாக மூன்று அடிகள். பாட்டாகப் பாடும்போது பெரும்பாலும் முதல் அடியில் ஒன்றைச் சொல்வார்கள். இரண்டாம் அடியில் அதையே மறுபடி சொல்வார்கள். மூன்றாம் அடியில் அதற்கு ஒரு பதில் வரும். எல்லிங்டன் இந்த மெட்டில் பதிலையும் எடுத்துவிட்டார். ஒரே வாக்கியம் மூன்று தரம். அவ்வளவுதான் மெட்டு.

ஆனால் அடியில் இருக்கிற தரை மூன்று தரமும் ஒன்றல்ல. இதுதான் எனக்குப் பிடிபடாமல் இருந்த விஷயம். நம் ஸங்கீதத்தில் ஆதார ஷட்ஜமம் கச்சேரி முழுவதும் நகராது. ஜாஸில் பியானோவும் பாஸும் அதை நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. முதல் அடி ஷட்ஜமத்தை ஆதாரமாகக் கொண்டு தொடங்குகிறது. இரண்டாம் அடி தொடங்கும்போது ஆதாரம் மத்யமத்துக்குப் போய்விடுகிறது. மூன்றாவதில் பஞ்சமத்துக்கு. கிரக பேதம் தெரிந்த வாசகர்கள் விரல் விட்டுப் பார்த்துக்கொள்ளலாம். மத்யமம் ஆதாரமானால் நம் பஞ்சமம் ரிஷபமாகிவிடுகிறது, ஷட்ஜமம் பஞ்சமமாகிவிடுகிறது. பஞ்சமம் ஆதாரமானால் பஞ்சமமே ஷட்ஜமம்; பழைய ஷட்ஜமம் மத்யமம். வாசிப்பவன் ஒன்றையும் மாற்றவில்லை. அதே விரல், அதே மூச்சு. முதல் தரம் வீட்டில் நின்று பேசுவதுபோல் கேட்கிறது. இரண்டாம் தரம் தெருவில் நின்று. மூன்றாம் தரம் கிளம்பிப் போகிறவன் வாசலில் திரும்பிச் சொல்வதுபோல்.

ஒரு நாள் மூன்றாம் அடியில் நான் ஒரு ஸ்வரத்தை நடுவில் நுழைத்தேன். தெரியாமல் அல்ல, வேண்டுமென்றே. அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அது எதற்கு?"

"மூன்று தரமும் ஒன்றையே வாசித்தால் அலுத்துவிடுமே."

"யாருக்கு?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அலுப்பு என்பதுகூடச் சரியல்ல, அது பயம். மூன்றாம் தரமும் அதையே சொன்னால், இவனிடம் வேறு சரக்கில்லை என்று கேட்பவர் நினைத்துவிடுவாரோ என்ற பயம். எழுத்தாளர்களுக்கு நன்றாகத் தெரிந்த பயம்.

அதன் பிறகுதான் 1942 இசைத்தட்டை உருப்படியாகக் கேட்டேன். மூன்று நிமிஷத்துக்குள் முடிந்துவிடுகிறது. அந்தக் காலத்துத் தட்டில் அதற்கு மேல் இடமில்லை. பியானோ மெட்டைச் சொல்கிறது. பிறகு ஒவ்வொருவராக வருகிறார்கள்: ரே நான்ஸின் வயலின், ரெக்ஸ் ஸ்டூவர்ட்டின் கார்னெட், டெனரில் பென் வெப்ஸ்டர், அப்புறம் டிராம்போன், கிளாரினெட். ஒவ்வொருவருக்கும் முதலில் துணையில்லாமல் நாலு ஆவர்த்தனம். பிறகு மற்றவர்களோடு பன்னிரண்டு. அவ்வளவுதான் அனுமதி. வெப்ஸ்டரிடம் நான் கேட்டது ஸ்வரத்தைவிட மூச்சை. அவர் ஸ்வரம் நின்ற பிறகும் காற்று சற்று நேரம் போய்க்கொண்டிருக்கும். அந்தக் காற்றைத்தான் நான் பத்து நாள் குற்றமாக நினைத்து ஒழிக்கப் பார்த்தேன்.

ஜாஸில் எல்லோரும் இப்படி இல்லை. டெனர் வாத்தியத்துக்கு மரியாதை தேடிக்கொடுத்த கோல்மன் ஹாகின்ஸ் 1939-ல் பதிவு செய்த 'பாடி அண்ட் ஸோல்' தட்டில் மூல மெட்டு ஆரம்பத்திலேயே கரைந்துவிடுகிறது, மிச்சமெல்லாம் கற்பனை. அது மகத்தான வாசிப்பு. 1974-ல் சார்லஸ் மிங்கஸ் கார்னெகி ஹாலில் இதே 'ஸி ஜாம் ப்ளூஸை' இருபது நிமிஷத்துக்கு மேல் நடத்தினார். அதில் ரோலண்ட் கெர்க் செய்யும் சாகஸம் நாற்காலியின் நுனிக்குக் கொண்டுவந்துவிடும். ஆனால் முடிந்த பிறகு எனக்கு நினைவில் நின்றது போட்டிதான்; அந்த இரண்டு ஸ்வரம் எங்கோ நசுங்கிப்போயிருந்தது. இது என் ருசியின் குறையாகவும் இருக்கலாம். இரண்டு ஸ்வரத்தோடு மூன்று மாதம் மல்லுக்கு நின்றவனுக்கு அதன் மேல் ஒரு பக்ஷபாதம் வந்துவிடுகிறது.

ஊருக்குக் கிளம்புகிற வாரம், மூன்று அடியையும் ஒன்றும் சேர்க்காமல் வாசித்தேன். நன்றாயிருந்தது என்று அவர் சொல்லவில்லை. "இன்னொரு தரம்" என்றார்.

இனி அந்த நாவல்.

பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் ஓர் இளைஞரின் முதல் நாவலுக்கு மதிப்புரை எழுதினேன். பெயர் வேண்டாம். ஒரு சிற்றூர், ஒரு தகப்பன், ஒரு பிள்ளை. தகப்பன் அதிகம் பேசாதவர். பிள்ளைக்கு வேலை கிடைத்துவிட்ட செய்தியோடு வருகிறான், "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கிறார். நிலத்தை அடகு வைத்துத் தோற்று வருகிறான், அப்போதும் "சாப்பிட்டாச்சா?" தகப்பன் சாகக் கிடக்கிறார்; பிள்ளை ஊரிலிருந்து ஓடி வந்து தலைமாட்டில் உட்காருகிறான்; அப்போதும் அதே கேள்வி. நான் எழுதினேன்: எளிமை என்று எண்ணிக்கொண்டு ஆசிரியர் நமக்குக் காட்டுவது சொற்பஞ்சம். அந்த வாக்கியம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நண்பர்கள் சிலர் தபாலில் பாராட்டினார்கள். அந்த இளைஞர் அதற்குப் பிறகு நாவல் எழுதவில்லை. என் மதிப்புரைதான் அதற்குக் காரணம் என்று நினைத்துக்கொள்ளும் கர்வம் எனக்கில்லை. காரணமே அல்ல என்று சொல்லிக்கொள்ளவும் முடியவில்லை.

திரும்பி வந்ததும் அலமாரியில் தேடி எடுத்து மறுபடி படித்தேன். முதல் இடம் சரியாக இருந்தது. இரண்டாவது, நான் அப்போது கவனிக்காத அளவுக்கு நன்றாக இருந்தது. நிலம் போன பிறகு அந்த வீட்டில் சாப்பாடு என்ற சொல்லுக்கே வேறு பொருள் வந்துவிடுகிறது. கேள்வி மாறவில்லை, தரை மாறியிருக்கிறது. மூன்றாவது இடத்தில்தான் நாவல் சறுக்குகிறது. ஆனால் சொல் போதாமல் அல்ல. தகப்பன் கேட்டு முடித்ததும், அந்தக் கேள்வியில் எத்தனை வருஷத்துப் பாசம் அடங்கியிருந்தது என்று ஆசிரியர் அரைப் பக்கம் விளக்குகிறார். க்வீன்ஸில் நான் நுழைத்த அந்த ஒற்றை ஸ்வரத்தின் வேலைதான் அது. அவருக்கும் அதே பயம்.

ஆகவே என் மதிப்புரை கடுமையாக இருந்தது என்பதல்ல குற்றம், தலைகீழாக இருந்தது. குறைத்தது போதவில்லை என்று சொல்லவேண்டிய இடத்தில், இன்னும் சேர் என்று சொல்லியிருக்கிறேன். கடுமையை ஓர் எழுத்தாளன் தாங்கிக்கொள்வான். தப்பான திசையைக் காட்டினால் அதில் நடந்து பார்ப்பான். அல்லது நடக்காமலே இருந்துவிடுவான்.

எங்கே இருக்கிறாரோ தெரியாது. இந்தப் பக்கம் அவர் கண்ணில் பட்டால், சொற்பஞ்சம் என்று நான் எழுதியதை அடித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். மறுபதிப்பு வருமானால் அவரும் அந்த அரைப் பக்கத்தை அடித்துவிடலாம்.