பனியில் விழுந்த அடி

எங்கள் ஊர் கெடார். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகிற சாலையில் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது எங்கள் ஊருக்கும் இமயமலைக் கேதாரத்துக்கும் ஒரே எழுத்துக்கள்தான் வருகின்றன. இதைத் தவிர எங்களுக்கும் பனிமலைக்கும் வேறு உறவு கிடையாது. மார்கழியில் ஏரிக்கரையில் மூடுபனி இறங்கும்; புல் நுனியில் துளி நிற்கும்; பெரியவர்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, "பனி கொட்டுது, உள்ளே வாடா" என்பார்கள். எங்களுக்குத் தெரிந்த பனி அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட ஊரில் பிறந்து, கல்லூரிப் படிப்பையும் பாதியில் விட்ட ஒருவன், காஷ்மீரத்துப் பனியை வைத்து நாவல் எழுதலாமா? எழுதலாம், எழுதினேன். அது சரியாக எழுதப்பட்டதா என்பதுதான் இங்கே கேள்வி. பிறர் நூல்களைப் பற்றிக் கறாராக அபிப்பிராயம் சொல்லி வந்திருக்கிற நான், ஒரு தடவையாவது அந்தக் கறாரை என் பக்கம் திருப்பிக்கொள்வது நியாயம் என்று தோன்றுகிறது.

நாவலின் கதை இது. எங்கள் பக்கத்து இளைஞன் ஒருவன் பட்டாளத்தில் சேர்ந்து மலைக்காவல் ஒன்றில் இருக்கிறான். அவனுடைய கவனக்குறைவால், முகாமுக்குச் சுமை தூக்கி வந்த கூலியாள் ஒருவன் பள்ளத்தில் விழுந்து இறந்துபோகிறான். ஓரிரவு இவன் யாருக்கும் தெரியாமல் மலையிறங்கி, இறந்தவன் வீட்டு வாசலில் தன் சேமிப்புப் பணத்தை வைத்துவிட்டு, விடிவதற்குள் திரும்பிவிடுகிறான். அந்த ரகசியம் இருநூறு பக்கம் அவனை அரிக்கிறது. மலையிறங்கும்போது பனியை நான் மல்லிகையாக உதிர்த்தேன்; இலவம் பஞ்சாகப் பறக்க விட்டேன்; அவன் திரும்பும்போது நிலவைக் காய விட்டு, மலை முழுவதும் பாலை ஊற்றினேன். "நேரில் பார்த்தது போல் இருக்கிறது" என்று வாசகர்கள் கடிதம் எழுதினார்கள். அவர்களும் நேரில் பார்த்தவர்கள் அல்லர்.

முன்னேற்பாடு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு தை மாதம் ஊட்டிக்குப் போய், விடியற்காலையில் தலைகுந்தாவில் புல்வெளி வெளுத்துக் கிடப்பதைப் பார்த்தேன். அது உறைபனி. வானத்திலிருந்து விழுவதில்லை, தரை சுழிக்குக் கீழே குளிரும்போது, காற்றிலுள்ள ஈரம் புல்லின் மேலேயே வெள்ளையாக உறைந்துகொள்கிறது. வெயில் ஏறியதும் போய்விட்டது. நானும் போதுமென்று இறங்கி வந்துவிட்டேன்.

நாவல் வந்து ஓர் ஆண்டு கழித்து, பக்கத்துக் கிராமத்திலிருந்து பெரியவர் ஒருவர் வந்தார். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். திண்ணையில் உட்கார்ந்து, மோர் குடித்துவிட்டு, நிதானமாகக் கேட்டார்:

"தம்பி, உங்க ஆளு ராத்திரி எறங்கிப் போறான். அப்ப பனி கொட்டுது. சரி, அந்த அடியைப் பனியே மூடிடும். திரும்பி ஏறி வரப்ப நிலா காயுதுன்னு எழுதியிருக்கீங்க. அப்ப விழுந்த அடி என்னாச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பேசாமல் இருந்தேன்.

"முழங்கால் ஆழத்துக்குப் பொதக் பொதக்குன்னு குழி விழுந்திருக்கும். காலையில டீ போட எந்திரிக்கிறவன் மொதல்ல அதைத்தானே பார்ப்பான்?"

இருநூறு பக்க நாவல் எங்கள் திண்ணையிலேயே சரிந்து விழுந்தது.

என் நண்பர்கள் சிலர் எனக்காக வாதாடினார்கள். கண்டதைத்தான் எழுத வேண்டும் என்றால் இலக்கியமே இல்லை என்றார்கள். ஞானசம்பந்தரும் சுந்தரரும் கேதாரத்துக்குப் போகாமல், காளத்தியில் இருந்தபடியேதான் அந்தத் தலத்தைப் பாடினார்கள் என்பது மரபு. சுந்தரர் பதிகத்தில் யானையும் மூங்கிலும் சுனையும் வருகின்றன; ஒரு தமிழ் மலையையே வடக்கே தூக்கி வைத்துவிட்டார் என்று தோன்றும். ஆனால் இந்த வாதம் எனக்கு உதவாது. சுந்தரர் பாடியது இறைவனை. பனியின் மேல் நடந்து போன ஒருவனுடைய கதையை அவர் சொல்லவில்லை. நான் சொன்னேன். என் கதை பனியின் மேல் நிற்கிறது; அந்தப் பனி கால் பட்டால் குழியாத பனி.

அதன் பிறகுதான் பனி என்றால் என்ன என்று படித்தேன். மேகத்திலுள்ள நுண்துளிகள் சுழிக்குக் கீழே குளிர்ந்தாலும் உடனே உறைந்துவிடுவதில்லை. சுத்தமான துளி சுழிக்குக் கீழே சுமார் 38 டிகிரி வரைக்கும் நீராகவே இருக்கக்கூடியது. அதற்கு முன்னால் உறைய வேண்டுமானால் களிமண் தூசி போன்ற ஒரு துகள் வேண்டும். அதைப் பற்றிக்கொண்டு ஒரு சிறு பனிக்கட்டி பிறந்ததும், சுற்றியுள்ள நீராவி நேரே அதன் மேல் படிந்து படிகமாக வளர்கிறது. நீரின் அணுத்திரள்கள் அறுகோணமாக அடுக்கிக்கொள்வதால் படிகத்துக்கும் ஆறு பக்கம். கெப்ளர் 1611இலேயே இந்த ஆறு ஏன் என்று கேட்டு ஒரு சிறு நூல் எழுதினார். அமெரிக்காவில் வில்சன் பென்ட்லி என்ற விவசாயி, 1885 ஜனவரியில் நுண்ணோக்கியோடு காமிராவை இணைத்து, ஒற்றைப் பனிப்படிகத்தை முதன்முதலாகப் படம் பிடித்தார். 1931இல் இறப்பதற்குள் 5,000 படங்களுக்கு மேல் எடுத்துவிட்டார்.

என்னை அதிகமாக யோசிக்க வைத்தவர் ஜப்பானியரான உகிசிரோ நகாயா. ஹொக்கைடோவில், 1936இல், ஒரு முயல் ரோமத்தின் நுனியில் செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்தவர் அவர். எந்தக் குளிரில், எவ்வளவு ஈரத்தில் என்ன வடிவம் வரும் என்று அட்டவணை போட்டார். சுழிக்குக் கீழே 5 டிகிரியை ஒட்டி ஊசியும் தூணும். 15 டிகிரியை ஒட்டிக் கிளைவிட்ட நட்சத்திரம். ஆகவே தரைக்கு வந்து சேரும் படிகத்தைப் பார்த்தால், அது மேலே எந்தெந்த வழியில் வந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். பனி தான் கடந்த வழியைத் தன் உடம்பிலேயே குறித்து வைத்துக்கொள்கிறது. தரையில் விழுந்த பிறகும் அந்தக் குணம் போவதில்லை. அப்போது நாம் கடந்த வழியைக் குறித்துக்கொள்கிறது.

இதில் இன்னொரு வேடிக்கை. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் ஊர் மேல் இடியும் மின்னலுமாகக் கவிகிற மேகம் இருக்கிறதே, சுமார் 5 கிலோமீட்டருக்கு மேலே அதிலும் பனிப்படிகங்கள் உண்டு. அவையும் ஆலிக்கட்டிகளும் மோதுவதால்தான் மின்னலே பிறக்கிறது. இறங்கும் வழியில் உருகி, கெடார் ஏரிக்கு மழையாக வந்து சேர்கிறது. நான் பனியைத் தேடி ஊட்டிக்குப் போன காலத்தில் அது என் தலைக்கு மேலே வந்து போய்க்கொண்டிருந்திருக்கிறது.

போன பொங்கலுக்கு என் அக்காள் மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். பொறியியல் படிக்கிறவன். பொழுதுக்கும் கணினி விளையாட்டு. பனியைப் பற்றி நான் புலம்புவதைக் கேட்டு, "இதைப் பாருங்க மாமா" என்று ஒரு பழைய விளையாட்டைப் போட்டுக் காட்டினான். ஹிடியோ கோஜிமா உருவாக்கிய 'மெட்டல் கியர் சாலிட்', 1998இல் வந்தது. அலாஸ்காவில் ஒரு தீவு. பகைவர் முகாமுக்குள் ஒருவன் தனியாக, ரகசியமாக நுழைகிறான். பனியில் நடக்கிறான். அடி விழுகிறது. காவற்காரன் ஒருவன் அதைக் கண்டு நின்று, யாருடைய அடி இது என்று வியந்து, சுவட்டைத் தொடர்ந்தே வருகிறான்!

எனக்கு வியர்த்துவிட்டது. ஹவில்தார் கேட்ட கேள்வியை, என் நாவலுக்கு வெகு காலம் முன்னாலேயே ஒரு விளையாட்டுக்காரர் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டு பதிலும் சொல்லியிருக்கிறார்.

அன்றிரவும் மறுநாளும் பையன் எனக்கு ஆசிரியனானான். 1991இல் வந்த 'ஸ்கீஃப்ரீ'யில் வெள்ளைத் திரையே பனி. மற்றதை ஆடுகிறவன் கற்பித்துக்கொள்ள வேண்டும். இன்றைய விளையாட்டுக்களில் பனி கொட்டுகிறதே, அது எங்கும் கொட்டுவதில்லையாம். பார்ப்பவனைச் சுற்றி ஒரு சிறு பெட்டிக்குள் மட்டும் கொட்டுகிறது. கீழே போன துகளையே மேலே தூக்கி மறுபடியும் விழச் செய்கிறார்கள். அதற்கு முன்கதை கிடையாது. கேட்டதும் என் மல்லிகைப் பூக்கள் ஞாபகத்துக்கு வந்தன.

தரையில் கிடக்கும் பனிக்குத்தான் உண்மையான உழைப்பு. தரையின் உயரங்களை ஒரு படம் போலக் குறித்து வைத்து, கால் பட்ட இடத்தில் உயரத்தைக் குறைத்துவிடுகிறார்கள், குழி தெரிகிறது. 2015இல் வந்த 'ரைஸ் ஆஃப் த டூம் ரைடர்' சைபீரியாவிலும், 2018இல் வந்த 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' அமெரிக்க மலையிலும் இதைக் கண்ணைப் பறிக்கும்படி செய்து காட்டுகின்றன. குதிரை பனியை உழுதுகொண்டு போகிறது. ஆனால் கணினியின் ஞாபகத்துக்கும் எல்லை உண்டு. கொஞ்சம் விலகிப் போய் வந்தால் பெரும்பாலும் சுவடு அழிந்து, பனி கன்னி கழியாமல் இருக்கிறது.

இவற்றையெல்லாம் விட எனக்கு உயர்ந்ததாகத் தோன்றியது, 2017இல் முழுமையாக வெளியான 'த லாங் டார்க்' என்ற கனடிய விளையாட்டு. அதில் பனி தூரிகையால் தீட்டியது போலத்தான் இருக்கிறது. நிஜத்தின் நகல் என்று யாரும் ஏமாற மாட்டார்கள். ஆனால் அங்கே துணி நனைகிறது. உடம்புச் சூடு இறங்குகிறது. தீக்குச்சியை எண்ணி எண்ணிச் செலவழிக்க வேண்டியிருக்கிறது. ஒரு மணி நேரம் அதிகமாக வெளியே நின்றால் மரணம். பார்வைக்குக் குறைந்த அந்தப் பனியே எனக்குப் பெரிய பனியாகப் பட்டது. நம் மொழிக்கும் இது தெரிந்திருக்கிறது. பனித்தல் என்றால் நடுங்குதல் என்று பொருள். நிறத்தை விட்டுவிட்டு, உடம்புக்கு நேர்வதைச் சொல்லும் சொல் அது. அதை வைத்துக்கொண்டு நான் மல்லிகை தொடுத்தேன்!

ஒரு பொருள் எப்படி இருக்கிறது என்று சொல்வது வர்ணனை. அது இருப்பதால் மனிதனுக்கு என்ன ஆகிறது என்று சொல்வது கதை. நாவலாசிரியன் முதலாவதை அழகாகச் செய்துவிட்டு, இரண்டாவதையும் செய்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறான். நாங்கள் அடிக்கடி செய்கிற மோசடி இது.

காஷ்மீரத்துக்குப் போகாததுதான் குற்றம் என்று வெகு நாள் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அதுவும் பொய். சின்ன வயதில், மார்கழி விடியலில், அப்பாவோடு கழனிக்குப் போவேன். வரப்புப் புல் முழுவதும் பனித்துளி படிந்து வெளுத்துக் கிடக்கும். அதில் ஒற்றைக் கோடாகப் பச்சையாய் ஒரு தடம் ஓடினால், அப்பா நின்றுவிடுவார். ராத்திரி யாரோ வந்து மடையை அவன் பக்கம் திருப்பியிருக்கிறான் என்று அர்த்தம். தடம் எங்கே போய் முடிகிறது என்று பார்ப்பார். ஆள் யாரென்று தெரிந்துவிடும். பல தடவை அவர் அதை வெளியே சொன்னதில்லை. பேசாமல் மண்வெட்டியை எடுத்து மடையைச் சரி செய்துவிட்டு வருவார்.

ஹவில்தார் அன்று புறப்படும்போது சொன்னதை இங்கே எழுதிவிட வேண்டும். என் முகம் போன போக்கைப் பார்த்து இரங்கினார் போலிருக்கிறது.

"கதை தப்புன்னு சொல்லல தம்பி. அடியைப் பார்த்திருப்பாங்க. கூட இருந்தவன் எல்லாருமே பார்த்திருப்பான். ஆனா சொல்லியிருக்க மாட்டாங்க."

என் கதாநாயகன் யாருக்கும் தெரியாதென்று இருநூறு பக்கம் தனியே வெந்துகொண்டிருக்க, முகாம் முழுவதும் தெரிந்துகொண்டு, அவனுக்கு முன்னால் தேநீர்க் குவளையை நீட்டிவிட்டுச் சும்மா இருந்திருக்கிறது. நான் எழுதியிருக்க வேண்டிய நாவல் அதுதான். இரண்டாம் பதிப்பில் மல்லிகையை எடுத்துவிட்டேன். மற்றதை அப்படியே விட்டிருக்கிறேன். வாங்குகிறவர்கள் தெரிந்து வாங்கட்டும்.