எல்லைப்புறக் குடும்பமும் அரசுப் பதிவேடுகளும்: லாரா இங்கல்ஸ் வைல்டரின் நாவல்வரிசையை முன்வைத்து

அமெரிக்க எல்லைப்புறக் குடியேற்றத்தைப் பற்றி எழுந்த இலக்கியங்களுள் லாரா இங்கல்ஸ் வைல்டர் (1867-1957) எழுதிய நாவல்வரிசை பரவலாக வாசிக்கப்பெற்ற ஒன்று. 1932-இல் 'பெருங்காட்டில் ஒரு சிறு வீடு' வெளிவந்தது. 1935-இல் 'புல்வெளியில் ஒரு சிறு வீடு'. வரிசையின் எட்டாம் நூல் 1943-இல். ஆசிரியரின் சொந்தக் குடும்பமே கதைமாந்தர், பெயர்கள்கூட மாற்றப்படவில்லை. அதனால் இந்நூல்களைக் குடும்ப வரலாறாகவே கொள்ளும் வாசிப்பு நெடுங்காலம் நிலவியது. நிலப்பத்திரங்களும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களும் ஆராயப்பட்ட பிறகு அவ்வாசிப்பு குலைந்தது. குலைந்ததற்கு மாற்றாக வந்ததும் நிறைவுடையதன்று. புனைவு கூறுவதை ஆவணம் பொய்யாக்குகிறது என்று பட்டியலிடுவதோடு பலர் நின்றுவிட்டனர். அப்பதிவேடுகள் எவருக்காக, எந்த நோக்கில் உருவாக்கப்பட்டவை என்ற வினா அப்பட்டியல்களில் இடம்பெறுவதில்லை. இக்கட்டுரை அவ்வினாவை எழுப்புகிறது.

நேர்கோடும் வளைகோடும்

நாவல்கள் காட்டும் பயணம் மேற்கு நோக்கிய ஒன்று. விஸ்கான்சின் காட்டிலிருந்து கான்சஸ் புல்வெளிக்கு, அங்கிருந்து மினசோட்டாவின் ஓடைக்கரைக்கு, பின் டகோட்டாவுக்கு எனக் குடும்பம் நகர்கிறது. பத்திரங்கள் காட்டும் பாதை வேறு. தந்தை சார்லஸ் இங்கல்ஸ் 1868-இல் விஸ்கான்சின் நிலத்தை குஸ்டாஃப் குஸ்டாஃப்சன் என்பவருக்கு விற்றார். அதே ஆண்டில் மிசௌரி மாநிலத்தின் சாரிட்டன் கவுண்டியில் 80 ஏக்கர் வாங்கினார். 1869 செப்டம்பரில் அக்கவுண்டியிலேயே ஓர் அதிகாரப் பத்திரத்தில் ஒப்பமிட்டுள்ளார். எனவே கான்சஸ் வாழ்க்கை அதற்குப் பின்னரே தொடங்கியிருக்க முடியும். 1871-இல் குடும்பம் விஸ்கான்சினுக்கே திரும்பியது. நிலத்தை வாங்கியவரால் பணம் செலுத்த இயலாமற் போனதே அதற்கு வழிவகுத்தது. பின்னர் மினசோட்டா, அங்கிருந்து கிழக்கே அயோவாவின் பர் ஓக் ஊர், மீண்டும் மினசோட்டா, இறுதியில் டகோட்டா.

மிசௌரியும் பர் ஓக்கும் நாவல்களில் இல்லை. திரும்பிவருதல் என்பதே நாவல்களில் இல்லை எனலாம். கான்சஸுக்குப் புறப்படும்போது கேரி என்ற தங்கை கைக்குழந்தையாக வண்டியில் இருப்பதாக 1935-ஆம் ஆண்டு நாவல் காட்டுகிறது. குடும்ப விவிலியத்தின் பிறப்புப் பதிவோ அவள் 1870 ஆகஸ்டு 3 அன்று கான்சஸின் மாண்ட்கோமரி கவுண்டியில் பிறந்தாள் என்கிறது. இவ்வேறுபாட்டை நினைவுப்பிழை என்று ஒதுக்குவது எளிது. கான்சஸில் வாழ்ந்தபோது லாராவுக்கு வயது இரண்டு முதல் நான்குவரைதான். ஆனால் முதல் நாவலில் விஸ்கான்சின் வாழ்வைக் கூறி முடித்துவிட்ட ஆசிரியருக்கு, இரண்டாம் முறையாக அவ்விடத்திற்குத் திரும்ப வழியில்லை. நேர்கோட்டுக் கதைக்காகக் குழந்தையின் பிறப்பிடம் நகர்த்தப்பட்டது. இதனைப் பிழை என்பதைவிடக் கதைப்பின்னலின் தேவை என்பதே பொருந்தும்.

வெற்றிடத்தால் அறியப்பட்ட வீடு

தமிழகத்தில் பட்டா, சிட்டா, அடங்கல் வழியே குடும்ப நிலத்தைத் தேடியவர்க்கு அமெரிக்கப் பொதுநில அளவைமுறை சற்றே வியப்பளிக்கும். அது ஊரின் பெயரையோ ஏரிப் பாசனத்தையோ சார்ந்ததன்று. ஆறு மைல் நீள அகலமுள்ள சதுரம் ஒரு டவுன்ஷிப். அது 36 செக்‌ஷன்களாகப் பகுக்கப்படும். ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர். அதன் கால்பங்கான 160 ஏக்கரே ஒரு குடும்பத்தின் உரிமைக்கோரிக்கை. ஓரெண்ணும் ஒரு திசையும் தெரிந்தால் எந்த வயலையும் வரைபடத்தில் சுட்டிவிடலாம்.

இண்டிபெண்டன்ஸ் நகரிலிருந்து நாற்பது மைல் தொலைவில் வீடு இருந்ததாக நாவல் கூறுகிறது. அக்கணக்கை நம்பி 1930-களில் ஆசிரியரும் மகள் ரோஸ் வைல்டர் லேனும் தெற்கே ஓக்லஹோமா பக்கம் தேடி ஏமாந்தனர். பிற்காலத்தில் உள்ளூர் ஆய்வாளர் ஒருவர் 1870-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புத் தாளில் ரட்லண்ட் டவுன்ஷிப்பில் இக்குடும்பத்தின் பெயரைக் கண்டறிந்தார்; இண்டிபெண்டன்ஸிலிருந்து அவ்விடம் ஏறத்தாழ 13 மைல். கணக்கெடுப்பாளர் வீடுவீடாகச் சென்றமையால் தாளில் அடுத்தடுத்துள்ள பெயர்கள் பெரும்பாலும் அண்டைவீட்டார். அவ்வண்டைவீட்டார் பின்னாளில் பதிவுசெய்த நிலங்களை வரைபடத்தில் குறித்து, உரிமை கோரப்படாது எஞ்சிய கால்செக்‌ஷனை இங்கல்ஸ் குடும்பம் வாழ்ந்த இடமாக அவர் கொண்டார். சார்லஸ் இங்கல்ஸுக்குக் கான்சஸில் நிலப்பத்திரமே இல்லை. பத்திரமின்மையே சான்றாகிய இம்முறை குடும்ப வரலாற்றாய்வில் கருதத்தக்கது.

நாவலில் குடும்பத்தாரைக் காய்ச்சலிலிருந்து காக்கும் கறுப்பின மருத்துவர் 'டாக்டர் டான்' கற்பனைப் பாத்திரமல்லர் என்பதையும் அதே பகுதியின் கணக்கெடுப்பு உறுதிசெய்கிறது. ஜார்ஜ் டான் என்னும் அம்மருத்துவரின் கல்லறை இண்டிபெண்டன்ஸ் நகரில் உள்ளது. தொலைவைத் தவறவிட்ட நினைவு மனிதரைத் தவறவிடவில்லை.

நிரப்பப்படாத பத்தி

1870-ஆம் ஆண்டுப் படிவத்தில் நிலச்சொத்தின் மதிப்பை எழுத ஒரு பத்தி உண்டு. ரட்லண்ட் டவுன்ஷிப் தாள்களில் அப்பத்தி நிரப்பப்படவில்லை. நிலம் ஓசேஜ் மக்களுடையது என்றும் குடியேறியவர்க்கு அதில் உரிமையில்லை என்றும் கணக்கெடுப்பாளர் குறித்துவைத்தார். சட்டநிலை அதுவே. 1865-ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பிறகு ஓசேஜ் மக்களிடம் எஞ்சியிருந்த ஒதுக்குநிலத்தில்தான் இக்குடும்பம் வீடு கட்டியது. 1870 ஜூலை 15 அன்று காங்கிரஸ் இயற்றிய சட்டம் ஓசேஜ் மக்களை அகற்றி, நிலத்தை ஏக்கர் 1.25 டாலருக்குக் குடியேறிகளுக்கே விற்க வழிசெய்தது. செப்டம்பரில் ஓசேஜ் தலைவர்கள் இசைந்தனர்.

நாவலின் முடிவை இதனோடு ஒப்பிடுதல் வேண்டும். வாஷிங்டன் அரசியல்வாதிகளின் முடிவால் படைவீரர் வந்து தம்மை வெளியேற்றுவர் என்று கேள்விப்பட்ட தந்தை, சினத்தோடு குடும்பத்தை வண்டியேற்றிப் புறப்படுகிறார். ஆனால் 1871-இல் இக்குடும்பம் நீங்கியபோது நிலச்சட்டம் குடியேறிகளின் பக்கமே சாய்ந்துவிட்டிருந்தது. அங்கேயே தங்கிய அண்டைவீட்டார் நிலத்தை விலைக்குப் பெற்றனர். வெளியேற்றப்பட்டோர் ஓசேஜ் மக்களே. நாவல் வெளியேற்றத்தின் துயரத்தை வெளியேற்றியவர் தரப்புக்கு மாற்றித் தந்துள்ளது. ஆவணங்களின் துணையின்றி இம்மாற்றத்தை வாசகர் உணர இயலாது. அங்கு மனிதரே இல்லை என்ற பொருள்பட அமைந்த ஒரு தொடர் 1953-ஆம் ஆண்டுப் பதிப்பில் 'குடியேறிகள்' என்ற சொல்லால் திருத்தப்பட்டது. ஒரு சொல் மாறியது. கதையின் சாய்வு மாறவில்லை.

மினசோட்டாவிலும் இத்தகைய சாய்வு உண்டு. வெட்டுக்கிளிகள் பயிரை அழித்த காலத்தில் எவர் கையையும் எதிர்பாராத உழைப்பாளியாகத் தந்தை சித்திரிக்கப்படுகிறார். 1875-இல் தாம் வறியவர் எனச் சான்றளித்து அவர் மாவு உதவி பெற்றமை நிவாரணப் பதிவில் உள்ளது. இது அவருக்கு இழுக்கன்று. அப்பகுதியில் பலரும் அந்நிலையில்தான் இருந்தனர். அதை மறைத்தமையே ஆராயத்தக்கது. அரசு நிவாரணங்கள் கடுமையாக விவாதிக்கப்பட்ட 1930-களில் இந்நூல்கள் உருப்பெற்றன என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

இரு கணக்கெடுப்புகளுக்கு இடையே

இதுவரை ஆவணம் புனைவைத் திருத்தியது. ஆவணமும் திருத்தத்திற்குரியதே. சார்லஸ், கரோலின் இணையருக்கு 1875 நவம்பரில் ஆண் குழந்தை ஒன்று பிறந்தது; 1876 ஆகஸ்டில் இறந்தது. 1870-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவன் பிறக்கவில்லை. 1880-இல் அவன் இல்லை. மினசோட்டா மாநிலம் 1875-இல் தனியே எடுத்த கணக்கெடுப்பும் அவன் பிறப்புக்கு முந்தையது. நாவல்களும் அவனைக் கூறவில்லை. அரசும் புனைவும் ஒருங்கே விட்டுவிட்ட அச்சகோதரனைப் பற்றி ஆசிரியரின் முதல் தன்வரலாற்றுக் கைப்படியே பேசுகிறது. 1930-இல் எழுதி முடிக்கப்பட்ட அது 'முன்னோடிச் சிறுமி' எனும் பெயரில் 2014-இல்தான் விளக்கக்குறிப்புகளோடு அச்சேறியது. பத்தாண்டுக்கு ஒருமுறை எண்ணும் அரசு, குழந்தை இறப்பு மிகுந்த எல்லைப்புறத்தை எண்ணத் தகுந்த கருவியன்று.

முன்னோரைத் தேடிச் செல்வோர்க்கு இடர் இன்னும் மிகுதி. 1850-க்கு முற்பட்ட கணக்கெடுப்புகள் குடும்பத்தலைவரின் பெயரை மட்டுமே தாங்கியவை. 1836-இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்த சார்லஸ், 1840-ஆம் ஆண்டுத் தாளில் ஐந்து வயதுக்குட்பட்ட ஆண் என்ற கட்டத்திலுள்ள ஓர் எண்ணிக்கையாகவே இருக்க முடியும். மனைவியரும் மக்களும் அவ்வாறே. 17-ஆம் நூற்றாண்டில் மாசசூசெட்ஸின் லின் ஊரில் குடியேறிய எட்மண்ட் இங்கல்ஸ்வரை இக்குடும்பத்தின் கால்வழி கொண்டுசெல்லப்படுகிறது. அது தந்தைவழிக் கோடாகவே அமைந்தமைக்குப் பதிவேட்டின் அமைப்பும் ஒரு காரணம்.

1890-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் நிலை வேறு. எல்லைக்கோடு என ஒன்று இனி இல்லை என்று அக்கணக்கெடுப்பின் கண்காணிப்பாளர் அறிவித்ததை அடியாகக் கொண்டே 1893-இல் ஃபிரெடரிக் ஜாக்சன் டர்னர் தம் எல்லைப்புறக் கோட்பாட்டை முன்வைத்தார். சதுர மைலுக்கு இருவர் என்ற மக்களடர்த்தியே அங்கு அளவுகோல். குடும்பம் குடும்பமாகப் பெயர் பொறித்த அக்கணக்கெடுப்புத் தாள்களோ 1921-இல் வாஷிங்டனில் நேர்ந்த தீயால் சிதைந்து, எஞ்சியவற்றிற் பெரும்பகுதியும் பின்னர் அழிக்கப்பட்டன. லாராவின் திருமணம் (1885), ரோஸின் பிறப்பு (1886), மிசௌரிக்குப் பெயர்ந்தது (1894) ஆகியவை இவ்விடைவெளிக்குள் அடங்குகின்றன.

வரி செலுத்தாத இந்தியரை எண்ண வேண்டியதில்லை என்பது 1870-ஆம் ஆண்டு நடைமுறை. நிலம் ஓசேஜ் மக்களுடையது என்று எழுதிய அதே தாளில் ஓர் ஓசேஜ் குடும்பத்தின் பெயரும் இல்லாமைக்கு இதுவே காரணம். நாவல் அவர்களை அச்சத்தோடும் இழிவோடும் காட்டினும், இறுதியில் குதிரைகளில் நெடுவரிசையாக வெளியேறுவோராகவேனும் காட்டுகிறது. கணக்கெடுப்பு அதையும் செய்யவில்லை. ரட்லண்ட் டவுன்ஷிப்பின் அண்டைவீட்டாரை வரிசைப்படுத்தித் தரும் ஆவணத்தைக் கொண்டு அந்நிலத்தின் முந்தைய குடும்பங்களைத் தேட இயலாது. அவர்களைத் தேடுவோர் இந்திய முகவாண்மைகள் ஆண்டுத்தொகை வழங்குவதற்காகப் பேணிய பட்டியல்களையும், 1884-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1885 முதல் முகவர்கள் எடுத்த தனிக் கணக்கெடுப்புகளையும் நாட வேண்டியுள்ளது. இங்கல்ஸ் குடும்பத்தின் ஒவ்வொரு பத்திரத்தையும் அச்சிட்டு விளக்கும் ஆய்வுகள் பெருகியுள்ள இக்காலத்தில், அப்பட்டியல்களை இந்நாவலோடு இணைத்து வாசிக்கும் முயற்சி இனிமேல்தான் வளர வேண்டியுள்ளது.