ஈரக் காற்றில் ஓடும் உப்புத்தாள் பட்டை: பெரார்கஞ்ச் பட்டறையில் ஏர் பெல்ட் சாண்டர்

ஏர் பெல்ட் சாண்டர் என்பது, அழுத்தப்பட்ட காற்றின் விசையால், விரல் அகலமே உள்ள உப்புத்தாள் பட்டை ஒன்றை ஒடுங்கிய கரத்தின்மேல் வளையமாக ஓடவிட்டு, கிரைண்டரின் வட்டத்தகடு நுழைய முடியாத இடுக்குகளையும் உள்வளைவுகளையும் தேய்த்துச் சீராக்கும் கைக்கருவியாகும். அமெரிக்காவில் 1969ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டைனாபிரேடு நிறுவனத்தின் டைனாஃபைல் இவ்வகைக்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது. இன்று பல நிறுவனங்கள் அதே அமைப்பில் கருவிகளை விற்கின்றன. அவற்றுள் 10 மில்லிமீட்டர் அகலமும் 330 மில்லிமீட்டர் சுற்றளவும் உள்ள பட்டையை ஏற்கும் சிறிய அளவே சிறு பட்டறைகளுக்கு மிகவும் பொருந்துவதால், இந்த மதிப்பீடு அந்த அளவையே எடுத்துக்கொள்கிறது.

தென் அந்தமானில் அந்தமான் பெருவழிச் சாலையை ஒட்டியுள்ள பெரார்கஞ்ச், 1923 முதல் 1931 வரை அந்தமான் தீவுகளின் தலைமை ஆணையராக இருந்த மைக்கேல் லாயிட் ஃபெரரின் பெயரைத் தாங்கிய ஊர். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும், ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கும் இத்தகைய தீவில், ஈரத் தரையில் நின்று வேலை செய்பவரின் கைக்குள் மின்சாரம் வராத கருவி என்பதே ஏர் சாண்டரின் முதற்பெரும் சிறப்பு. ஆனால் அதே ஈரமே கருவியின் உயிரைக் குடிக்கும் பகையுமாகிறது என்பதால், இங்கு கருவியின் தரத்தைவிட அதற்குள் செல்லும் காற்றின் தரத்தையே முதலில் எடைபோட வேண்டியிருக்கிறது.

வேலைத்திறனில் குறை சொல்ல அதிகம் இல்லை. கிரில் கேட்டின் மூலைகளில் நிற்கும் வெல்டிங் மேட்டைச் சமப்படுத்துவது, அறுத்த குழாயின் உள்விளிம்பில் உள்ள பிசிறை எடுப்பது, படகின் கைப்பிடிக் கம்பியில் துரு பிடித்த இணைப்பைச் சுத்தம் செய்வது ஆகியவற்றில், அரத்தால் நெடுநேரம் ராவ வேண்டியதை இது சில நிமிடங்களில் முடித்துவிடும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 16,000 சுற்று சுழலும் மாதிரிகளில் பட்டையின் வேகம் நிமிடத்துக்கு 1,000 மீட்டரை எட்டுவதால், அழுத்தத் தேவையில்லாமல், தொட்டாற்போல வைத்து நகர்த்தினாலே போதும். அழுத்தினால் மோட்டார் திணறும், பட்டை சூடேறி மழுங்கும், வேலைப்பொருளில் பள்ளமும் விழும். இதே காரணத்தால் அகன்ற படாக் பலகையை மட்டமாக்க இந்தக் கருவி சற்றும் உதவாது. வேங்கைக்கும் செஞ்சந்தனத்துக்கும் உறவான அந்தச் சிவப்பு மரத்தின் பரப்பில் இது வரிவரியாகக் குழிகளையே விட்டுச்செல்லும். நாற்காலிக் காலின் வளைவு, செதுக்கு வேலையின் இடுக்கு போன்றவற்றுக்கு மட்டும் நுண்ணிய 180 எண் பட்டையோடு இதை மரவேலையில் பயன்படுத்தலாம்.

காற்றில் உள்ள நீரின் கணக்கைப் பட்டறை வைத்திருப்பவர் அறிந்திருப்பது அவசியம். 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கிறது. கம்ப்ரஸர் அதை ஏழில் ஒரு பங்கு கொள்ளளவுக்குச் சுருக்கிய பின், அந்தக் காற்று அதே 30 டிகிரிக்கு ஆறும்போது அதில் 4 கிராமுக்குச் சற்று மேல் மட்டுமே ஆவியாக நிற்க முடியும் என்பதால், மீதி 20 கிராம் தண்ணீராகி டேங்கிலும் ஹோஸிலும் படிகிறது. நிமிடத்துக்கு 300 லிட்டர் காற்றை உண்ணும் ஒரு சாண்டர் இடைவிடாமல் ஒரு மணி நேரம் ஓடினால் 18 கன மீட்டர் காற்று செலவாகும். அதாவது ஏறத்தாழ 360 மில்லிலிட்டர் தண்ணீர், ஒரு பெரிய டம்ளர் நிறைய, எங்கேனும் சேர்ந்தே தீரும். அது மோட்டாருக்குள் சென்றால், சுழலியின் பிளவுகளில் நழுவி நழுவிக் காற்றைத் தாங்கும் வேன் எனப்படும் மெல்லிய தகடுகள் ஒட்டிக்கொள்ளும், எண்ணெய் கழுவப்பட்டுப் போகும், பேரிங்கும் எஃகு உருளையும் துருப்பிடிக்கும்.

ஆகவே டேங்கின் அடியில் உள்ள வடிகால் வால்வை, பெருநிலத்துப் பட்டறைகளில் செய்வதுபோல நாளுக்கு ஒருமுறை திறப்பது இங்கு போதாது. தொடர்ச்சியான வேலையில் மணிக்கு ஒருமுறையேனும் திறந்துவிட வேண்டும். டேங்குக்கும் கருவிக்கும் இடையில் நீர்ப்பிரிப்பான், அழுத்தச் சீராக்கி, எண்ணெய்த் துளிப்பான் ஆகிய மூன்றும் சேர்ந்த தொகுதியைப் பொருத்துவதோடு, காற்று ஆறுவதற்கு இடம் கொடுக்கும்படி அதைக் கம்ப்ரஸரிலிருந்து சில மீட்டர் தள்ளிப் பொருத்துவதும் முக்கியம். சூடான காற்றில் நீர் இன்னும் ஆவியாகவே இருப்பதால், கம்ப்ரஸரின் வாயிலேயே பொருத்தப்பட்ட பிரிப்பான் அதைப் பிடிக்காமல் கடத்திவிடும். பல இடங்களில் பணம் செலவழித்துப் பிரிப்பான் வாங்கியும் பயனில்லாமல் போவதற்கு இந்த ஒரு பிழையே காரணம்.

பஞ்சர் கடைக்குப் போதுமான 1 குதிரைத்திறன் கம்ப்ரஸர் இந்தக் கருவிக்குப் போதாது. பெட்டியில் அச்சிடப்படும் காற்றுச் செலவு, கருவி விட்டுவிட்டு ஓடுவதாகக் கொண்டு கணக்கிட்ட சராசரியாகவே பெரும்பாலும் இருப்பதால், தொடர் ஓட்டத்தின் தேவை அதைப் போல இருமடங்குக்கு மேலும் இருக்கக்கூடும். 3 குதிரைத்திறனுக்குக் குறைந்த கம்ப்ரஸரில் பட்டை சில நிமிடங்களிலேயே தளர்ந்து நிற்கும். அழுத்தம் 6.2 பாருக்கு, அதாவது 90 பிஎஸ்ஐக்கு, மேற்படக் கூடாது. அந்த அளவையும் கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். வேகம் குறைகிறதென்று சீராக்கியைத் திருகி ஏற்றுவது, வரையறுத்த சுற்றை மீறிப் பட்டையை ஓடவிட்டு அறுக்கும் செயலாகும்.

அறுந்த பட்டை முகத்தை நோக்கிச் சாட்டைபோல வரும். அதனால் பக்கமும் மூடிய கண்ணாடி அணியாமல் இக்கருவியைத் தொடவே கூடாது. பட்டை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஹோஸைக் கழற்றிவிட்டே கை வைக்க வேண்டும். வால்வை மூடியதாக எண்ணிக்கொண்டு நெம்புகோலில் விரல் பட்டு, ஓடத் தொடங்கிய பட்டையில் விரல்தோலை இழப்பது இக்கருவியில் எளிதில் நேரக்கூடிய விபத்து. பட்டையின் உட்புறத்தில் அச்சிட்ட அம்புக்குறி ஓடும் திசையோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்து, முதலில் நொடி நேரம் ஓடவிட்டு, பக்கத்திருகால் பட்டை உருளையின் நடுவில் நிற்கும்படி திருத்திய பிறகே வேலையைத் தொடங்குவது முறை. தளர்ந்த உடை, தொங்கும் துண்டு, துணிக் கையுறை ஆகியவை சுழலும் உருளையில் சிக்கும்.

தூசியைப் பற்றிய அலட்சியம் வருத்தத்துக்குரியது. மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வகைப்படுத்தியது. படாக்கின் செந்தூள் தோலையும் மூக்கையும் அரிக்கச் செய்யும் இயல்புடையது. ஃபைபர் படகைத் தேய்க்கும்போது எழும் கண்ணாடி இழைத் தூளும் நுரையீரலுக்குப் பகையே. கருவியின் வெளியேற்றுக் காற்று இந்தத் தூளை மேலும் கிளப்பிவிடுவதால், கைக்குட்டையைக் கட்டுவது பயனற்றது. என்95 தரத்து முகமூடியே தேவை. அலுமினியத் தூளும் இரும்புத் துருவும் ஒன்றாகச் சேர்ந்த இடத்தில் பொறி விழுந்தால் கடும் வெப்பத்தோடு எரியக்கூடும் என்பதால், இரண்டுக்கும் தனிப் பட்டை வேண்டும், தூளையும் தனித்தனியே கூட்டி அள்ள வேண்டும். வேலை முடிந்ததும் ஹோஸை உடம்பின்மேல் திருப்பித் தூசி தட்டும் பழக்கம் ஆபத்தானது. அழுத்தக் காற்று புண்ணின் வழியே தோலுக்கடியில் புகவும், துகளைக் கண்ணுக்குள் செலுத்தவும் வல்லது.

பராமரிப்பு, துளிப்பான் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எண்ணெயில்தான் இருக்கிறது. வேலைக்கு முன் காற்று நுழைவாயில் நான்கைந்து சொட்டு ஏர் டூல் எண்ணெய் விட்டு, வேலை முடிந்ததும் மீண்டும் விட்டு, அரை நிமிடம் ஓடவிட்டால், உள்ளே தங்கிய நீர் வெளியேறி உலோகத்தின்மேல் எண்ணெய்ப் படலம் நிற்கும். கைக்கு எட்டும் தேங்காய் எண்ணெயை ஊற்றக் கூடாது. அது 24 டிகிரியை ஒட்டி உறையும் இயல்புடையது, விரியும் காற்றோ மோட்டாரின் உட்புறத்தைக் குளிரச் செய்கிறது, எனவே உள்ளேயே கெட்டிப்பட்டு வேன்களைப் பிடித்துவிடும். வாகன என்ஜின் ஆயில் தடித்தது என்பதால் அதுவும் பொருந்தாது. நுழைவாயில் உள்ள சிறு வலைவடிகட்டியைக் கழுவுவதும், கரத்தின் முனை உருளையில் பேரிங் கரகரக்கிறதா என்று விரலால் சுற்றிப் பார்ப்பதும் வாரந்தோறும் நடக்க வேண்டியவை.

பட்டைகளும் ஈரத்தால் கெடுவன. இணைப்பில் உள்ள பசை தளர்ந்தும், துணி சுருண்டும் போவதால், 50 சதவீத ஈரப்பதத்தை ஒட்டிய சூழலில் வைப்பதற்கென்றே செய்யப்பட்ட இவற்றைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடாமல், இறுக மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வைக்க வேண்டும். நீண்ட நாள் கிடந்த பட்டையின் இணைப்பை மடித்துப் பார்த்து, வெடிப்புத் தெரிந்தால் எறிந்துவிடுவதே பாதுகாப்பு. உதிரிப்பாகங்கள் சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடலைக் கடந்து வர வேண்டியிருப்பதால், கருவியை வாங்கும்போதே ஒரு தொகுதி வேனும், ஒரு முனை உருளையும், 60, 80, 120 எண்களில் சில பட்டைகளும் சேர்த்து வாங்கிவைக்காத பட்டறையில், தேய்ந்துபோன ஒரு வேனுக்காகக் கருவி கப்பல் வரும்வரை பெட்டியிலேயே கிடக்கும்.