நாழிகைக்குப் பிறக்கும் குழந்தைகள்

பட்டு நெசவால் வாழும் காஞ்சிபுரத்தில் பஞ்சாங்கத்திற்கு மதிப்பு மிகுதி. முகூர்த்த நாள்கள் நெருங்கினால் கடைத்தெரு நிரம்புகிறது. ஆடி பிறந்தால் திருமணப் பட்டு விற்பனை அடங்குகிறது. ஆடியில் கருவுற்றால் சித்திரையில் பிள்ளை பிறக்குமே என அஞ்சி, புதுமணத் தம்பதியரைப் பிரித்துவைக்கும் வழக்கமும் நம்மிடையே உண்டு. ஆனால் பிறக்கவேண்டிய நாழிகையையே குறித்துக் கொடுத்து, அந்நேரத்தில் அறுவை செய்து குழந்தையை எடுக்கச் சொல்வது நம் காலத்தின் புதுமை.

அதற்கு அடியிலுள்ள ஆசையோ மிகப் பழையது. கோச்செங்கட் சோழனின் பிறப்பைப் பெரியபுராணம் கூறுகிறது. ஒரு நாழிகை தாழ்த்திப் பிறந்தால் பிள்ளை மூவுலகும் ஆள்வான் எனச் சோதிடர் சொல்ல, அரசி கமலவதி தம்மைத் தலைகீழாகக் கட்டச் செய்தார். குறித்த நேரத்தில் பிறந்த பிள்ளையின் கண்கள் சிவந்திருந்தன. தாயோ அவனைக் கண்டதும் உயிர்நீத்தார். மன்னனின் பெருமைக் கதையாகவே இதைக் கேட்டுப் பழகிய நாம், தாய் கொடுத்த விலையை எண்ணிப் பார்த்ததில்லை.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பேறுகள் அறுவை வழியே நிகழ்ந்தன. தனியார் மருத்துவமனைகளில் அது 64. நாடு முழுமைக்கும் அது 21.5 மட்டுமே. ஒரு சமுதாயத்தில் இவ்விகிதம் 10-ஐத் தாண்டிய பின், அறுவை பெருகுவதால் தாய்சேய் இறப்பு குறைவதாகத் தெரியவில்லை என உலக நலவாழ்வு நிறுவனம் 2015-இல் அறிவித்தது. தேவையின்றி 39 வாரம் நிறையுமுன் எடுக்கப்படும் குழந்தை மூச்சுத் திணறலுக்கு ஆளாகலாம். அடுத்த கருவின் நச்சுக்கொடி பழைய தழும்பில் ஆழப் பதிந்து, தாய்க்குக் கடும் குருதிப்போக்கை விளைவிக்கலாம்.

நாம் அறுவையைப் பழிக்கவில்லை. மருத்துவரான புனித ஜான்னா பெரெட்டா மோல்லா, 1962 ஏப்ரல் 21 அன்று அறுவை வழியே தம் மகளைப் பெற்றெடுத்து, ஒரு வாரத்தில் இறைவனடி சேர்ந்தார். அங்கே கத்தி உயிருக்குப் பணி செய்தது. இங்கே அது சாதகக் கட்டத்திற்குப் பணி செய்கிறது. சோதிடத்தை நாடுவது இறைநம்பிக்கைக்கு முரணானது எனத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு தெளிவாகக் கூறுகிறது. ஞாயிறுதோறும் திருப்பலி கண்டு, பேறுகாலத்தில் மட்டும் சோதிடரை நாடும் குடும்பங்கள் நம் பங்குகளில் இல்லையென நெஞ்சில் கைவைத்துச் சொல்ல இயலுமா?

‘பெண்ணே விரும்பிக் கேட்கிறாள்’ என்பார் உளர். அவ்விருப்பத்தில் எவ்வளவு அவளுடையது? மாமியார் கையில் சாதகம். கணவர் கையில் விடுப்பு நாள். அவள் நெஞ்சிலோ, வலியில் கதறினால் ஏச்சுக் கேட்க நேருமோ என்ற அச்சம். அவ்வச்சம் பாவமன்று. வலியைத் தணித்துப் பேறு காண்பது அறநெறிக்கு மாறானதன்று எனத் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1956-இலேயே தெளிவுபடுத்தினார். ஆகவே அவளைக் குறைகூறுவதை விடுத்து, அவளைத் தனியே விட்ட நம்மை நாம் கேள்வி கேட்க வேண்டும்.

திருமணத் தயாரிப்பு வகுப்புகளிலும் அன்பியக் கூட்டங்களிலும் மகப்பேற்றைப் பற்றி வெட்கமின்றிப் பேசுவோம். பேறுற்ற அன்னையர் இளம்பெண்களுக்குத் துணைநிற்கட்டும். முதிர்ந்த வயதில் கருவுற்றிருந்த எலிசபெத்தை நாடி மலைநாட்டுக்கு விரைந்த அன்னை மரியா, அவருக்கு நல்ல நேரம் எதையும் குறித்துக் கொடுக்கவில்லை. ஏறக்குறைய மூன்று மாதம் உடன் தங்கியிருந்தார்.