உருளையும் பூட்டும்

திருகோணமலைத் துறைமுகம் 1957 வரை பிரித்தானியக் கடற்படையின் வசம் இருந்தமையால், அதன் படைக்கல வரலாற்றை ஆராய்வோர் பிரெட்ரிக் கோட்டையின் பீரங்கிகளிலேயே பெரிதும் கவனம் செலுத்துகின்றனர்; அதிகாரிகளின் இடுப்புறையில் இருந்த ரிவோல்வரோ, அதாவது ஒவ்வொரு சூட்டுக்கும் ரவையறைகள் கொண்ட உருளை ஒரு படி சுழலும் கைத்துப்பாக்கியோ, அத்தகைய கவனத்தைப் பெறவில்லை. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துப்பாக்கி வைத்திருப்பதற்கு அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்குவதால், இங்கு பழைய ரிவோல்வரைத் தேரும் கலை பெரும்பாலும் வாங்குவோருடையதன்று, பார்ப்போருடையது. அந்த அதிகாரிகளின் இடுப்புறையில் இருந்தவை வெப்லி, என்ஃபீல்ட் என்னும் இரு பிரித்தானிய வகைகள்; இரண்டாம் உலகப் போருக்குப் பின் உபரியாக விற்கப்பட்டு அமெரிக்காவில் பலருக்கு மலிவான முதல் கைத்துப்பாக்கியாக அமைந்தவையும் இவையே.

பேர்மிங்காமில் உருவான வெப்லி 1887இல் படைகளால் ஏற்கப்பட்டது; 1915இல் வந்த அதன் ஆறாம் வகை ஆறு அங்குலக் குழலும் ஏறத்தாழ 1.1 கிலோகிராம் எடையும் கொண்டது. பெருவிரலால் பக்கத் தாழ்ப்பை அழுத்திக் குழலை முன்புறமாக மடித்தால், உருளையின் நடுவிலிருந்து நட்சத்திர வடிவத் தள்ளி எழுந்து ஆறு வெற்றுக் கூடுகளையும் ஒருங்கே வெளியேற்றும் அந்த ஒற்றை அசைவில்தான் இதன் கைத்திறன் முழுமையாக வெளிப்படுகிறது. 1932இல் ஏற்கப்பட்ட என்ஃபீல்ட், இதே அமைப்பைச் சிறிய ரவைக்கு ஏற்பச் சுருக்கியது. தன் வடிவமைப்பு எடுத்தாளப்பட்டதாக வெப்லி நிறுவனம் வழக்காட, அக்கோரிக்கையை விசாரித்த அரச ஆணைக்குழு 1,250 பவுண் வழங்கியது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது பிரித்தானியத் தரைப்படையின் நியம ரிவோல்வர் என்ஃபீல்டே. வெப்லியின் கம்பீரம் இதற்கில்லை. எனினும் எடையும் அதிர்வும் குறைந்த இதுவே புதியவரின் கைக்குப் பொருத்தமானது.

தேர்ந்த கண் பளபளப்பை நம்புவதில்லை. ஆறு அறைகளும் வெறுமை என்பதை உறுதிசெய்தபின், ரவையின் பின்புறத்தை அடிக்கும் குதிரையைத் தளர்த்தி இறக்கி, விசையை விடாது அழுத்திப் பிடித்தபடி உருளையை அசைத்தால் அது இறுகி நிற்கவேண்டும். மூடிய நிலையில் குழலை ஆட்டும்போது கீலிலும் தாழ்ப்பிலும் ஆட்டம் தெரிந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் அதை ஒதுக்குவதே முறை. அடுத்து நோக்கவேண்டியது குழலின் உட்புறம்: சன்னத்தைச் சுழலச்செய்யும் ஏழு வரிப்பள்ளங்களின் விளிம்பு கூர்மையாக இருத்தல் நன்று. அக்கால ரவைகளின் தீமூட்டு மருந்து உப்புப் படிவை விட்டுச் செல்லும்; கடற்கரை ஈரம் அதனுடன் சேர்ந்தால் உட்சுவர் விரைவிலேயே குழிகுழியாக அரிக்கப்படும். வெளிப்புறத்து நீலப்பூச்சோ, எஃகின் மேற்பரப்பைக் கட்டுப்பாட்டுடன் ஒட்சியேற்றிப் பெறப்படும் மென்படலம். முனைகளில் அது தேய்ந்திருப்பது குறையன்று. மாறாக, எழுத்துகள் மழுங்கியிருக்க மேனி மட்டும் புதிதாக மின்னினால், யாரோ தேய்த்து மெருகேற்றியிருக்கிறார் என்பது வெளிப்படை.

வெப்லியில் மட்டும் இன்னொரு சோதனை உண்டு. அமெரிக்கச் சந்தைக்கெனப் பலவற்றின் உருளைப் பின்முகம் சீவப்பட்டு, .45 தானியங்கிக் கைத்துப்பாக்கி ரவையை ஏற்கும்படி மாற்றப்பட்டது. அந்த ரவையின் அழுத்தம் வெப்லியின் பழைய .455 ரவையினதைவிட மிக அதிகமாதலால், அவ்வாறு சீவப்பட்ட வெப்லி கண்ணாடிப் பேழையில் வைப்பதற்கே தக்கது.