குடிநீரில் கிருமி, வயிற்றில் புற்றா?

கீழ்பென்னாத்தூரிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வரும் மாணவர் ஒருவர் அண்மையில் ஒரு துண்டறிக்கையைக் கொண்டுவந்து காட்டினார். நீர் வடிகட்டும் கருவி விற்போர் வீடுதோறும் வழங்கியது அது. குடத்துத் தண்ணீரை ஒரு சிறு புட்டியில் ஊற்றி வைத்தார்களாம். மறுநாள் நீர் கறுத்துவிட்டதாம். "இந்தக் கிருமியே இரைப்பைப் புற்றுநோய்க்குக் காரணம்" என்று முடிகிறது அறிக்கை. அதைக் கேட்ட மாணவரின் பாட்டி இரண்டு நாளாகக் குழாய்த் தண்ணீரைத் தொடவில்லை. இம்முடிவு சரிதானா? வாருங்கள், படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் அந்தப் புட்டி. இச்சோதனையை 1982இல் குவாலியரிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மாஞ்சாவும் அவருடைய தோழர்களும் வெளியிட்டனர். மலத்தோடு தொடர்புடைய பாக்டீரியாக்கள் நீரில் இருந்தால் அவை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்கும். அது புட்டியிலுள்ள இரும்பு உப்போடு சேர்ந்து கறுப்பாகும். ஆகவே, நீரில் மலக் கழிவு கலந்திருக்கலாம் என்பதே கறுப்பு நிறம் தரும் செய்தி. இன்ன கிருமி என்று அது பெயர் சொல்வதில்லை.

புற்றுநோயோடு தொடர்புடைய கிருமி ஹெலிகோபாக்டர் பைலோரி. அதை வளர்ப்பது எளிதன்று. ஆக்சிஜன் குறைவாக இருக்க வேண்டும். பல நாட்கள் காத்திருக்கவும் வேண்டும். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வாரனும் மார்ஷலும் செய்த சோதனைகளில், இரண்டு நாட்களில் எதுவும் வளராததால் தட்டுகள் வீசப்பட்டு வந்தன. 1982 ஈஸ்டர் விடுமுறையில் ஒரு தட்டு கூடுதல் நாட்கள் தங்கிவிட்டது, கிருமி வளர்ந்திருந்தது! 2005இல் அவ்விருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இத்தகைய கிருமியை ஒரே நாளில் கறுக்கும் புட்டி காட்டிவிட்டது என்பது பொருந்தாக் கூற்று.

அடுத்து, இக்கிருமி புற்றுநோயை உண்டாக்குமா? உண்டாக்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1994இலேயே இதை முதல் வகைப் புற்றுக் காரணியாக அறிவித்தது. ஆனால் அளவைப் பாருங்கள். ஜப்பானில் நடந்து 2001இல் வெளியான ஆய்வில், கிருமி இருந்த 1,246 நோயாளிகளுள் 36 பேருக்குச் சுமார் எட்டு ஆண்டுக் காலத்தில் இரைப்பைப் புற்று வந்தது. கிருமி இல்லாத 280 பேருள் ஒருவருக்கும் வரவில்லை. அதாவது, கிருமியின் பங்கு பெரிது. எனினும் கிருமி உள்ளவர்களுள் மிகப் பெரும்பாலோர்க்குப் புற்று வருவதில்லை. இந்தியாவில் இக்கிருமி மிகப் பரவலாக இருந்தும், இரைப்பைப் புற்று ஜப்பானைவிட வெகு குறைவு. நம் நாட்டிலேயே மிசோரமில் அது மிக அதிகம். அங்கே புகையூட்டிய இறைச்சிக்கும் புகையிலைக்கும் இதில் பங்குண்டு என ஆய்வுகள் கூறுகின்றன. கிருமியின் வகை, உணவில் உப்பு, புகைபிடித்தல் எல்லாம் சேர்ந்தே முடிவைத் தீர்மானிக்கின்றன.

இனி மூன்றாவது கேள்வி: கிருமி தண்ணீர் வழியே வருகிறதா? பெரு நாட்டின் லிமா நகரக் குழந்தைகளைப் பற்றி 1991இல் வெளியான ஆய்வு, நகராட்சிக் குழாய் நீர் குடித்தோரிடம் தொற்று அதிகம் என்றது. ஐதராபாத்தில் நடந்து 2007இல் வெளியான ஆய்வோ, கிணற்று நீர் குடித்தோரிடம் அதிகம் என்றது. முரண்பாடு போல் தோன்றுகிறதல்லவா? குழாயா, கிணறா என்பதன்று கேள்வி. நீர் எவ்வளவு காக்கப்பட்டது என்பதே கேள்வி. தவிர, இத்தொற்று பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், வீட்டாரிடமிருந்தே ஒட்டிக்கொள்கிறது. தண்ணீர் ஒரு வழியாக இருக்கலாம், ஒரே வழியன்று.

ஆக, சங்கிலியின் முதல் கண்ணி அறுந்தது. இரண்டாவது உண்மை, ஆனால் மிகைப்படுத்தப்பட்டது. மூன்றாவது பாதி உண்மை. மூன்றையும் பிணைத்து ஒரு பாட்டியை அச்சுறுத்துவது அறிவியலாகாது.

ஆயினும், துண்டறிக்கையை மறுப்பது தண்ணீரை மெச்சுவதாகாது. கறுத்த புட்டியைக் கண்டு அஞ்சத்தான் வேண்டும். வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை ஆகியவை இந்நீரால் சில நாட்களிலோ வாரங்களிலோ வரக்கூடியவை. முப்பது ஆண்டுக்குப் பின் வரக்கூடிய புற்றைக் காட்டி, அடுத்த வாரம் வரக்கூடிய பேதியை மறைப்பதே அறிக்கையின் பெருங்குறை.

பரிகாரம் எளிது. மேல்நிலைத் தொட்டியில் முறையாகக் குளோரின் கலக்கிறார்களா என்று பேரூராட்சியைக் கேளுங்கள். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும். ஹெலிகோபாக்டரையும் குளோரின் கொல்லும். ஐயமிருந்தால் நீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள். குடத்தை மூடி வையுங்கள். கைவிட்டு மொள்ளாமல் நீண்ட பிடியுள்ள அகப்பையால் எடுங்கள்.

ஒன்றை மறவாதீர்கள். வயிற்றுக்குள் ஏற்கெனவே குடியேறிய கிருமியை எந்த வடிகட்டியும் வெளியேற்றாது. நீடித்த வயிற்றுவலி, காரணமின்றி உடல் மெலிதல், கறுத்த மலம் இவை தோன்றினால் செல்ல வேண்டிய இடம் மருத்துவமனை; கருவி விற்கும் கடையன்று.

பாட்டியிடம் இவ்வளவும் சொல்லும்படி மாணவரை அனுப்பினேன். தண்ணீரைக் காய்ச்சிக் கொடுத்த பிறகு பாட்டி குடித்தாராம்.