கொழும்பு நேரத்தின் குறிப்பேடு

நேரவலயத் தரவுத்தளம் ஒரு திறந்த மூலக் கோப்புத் தொகுதி. உலகின் எந்த ஊரில், எந்த நாளில், கடிகாரம் என்ன காட்டியது என்பதைக் கணினிகளும் கைத்தொலைபேசிகளும் அதைப் பார்த்தே அறிந்துகொள்கின்றன. 1980களில் அமெரிக்காவில் ஆதர் டேவிட் ஓல்சன் இதைத் தொடங்கினார். 2005 முதல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போல் எகர்ட் இதன் பொறுப்பாசிரியர். லினக்ஸும் அண்ட்ரொய்டும் ஐபோனும் இதையே நம்பியிருக்கின்றன. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு கைத்தொலைபேசி காட்டும் மணி, இத்தொகுதியில் ‘ஏசியா/கொலம்போ’ என்ற பெயரின் கீழ் உள்ள பத்துக்கும் குறைவான வரிகளிலிருந்து வருகிறது.

அந்த வரிகளுக்கு மேலே, கணினி படிக்காமல் தாண்டிவிடும் பகுதியொன்று உண்டு. யார், எந்தத் திகதியில், எந்தச் சான்றைக் கொண்டு, எந்த எண்ணைப் பற்றி எழுதினார் என்பது அங்கே பதிந்திருக்கிறது. மென்பொருள் ஆவணங்களில் சிறு தகவற்பிழையைத் திருத்துவது பொதுவாகச் சுவடு தெரியாத வேலை. சொல் மாறும், திருத்தியவர் மறைந்துபோவார். இங்கே சுவடே ஆவணம். கொழும்பைப் பற்றிய அந்தச் சில பத்திகளை நிதானமாகப் படிப்பவர், சிறு திருத்தம் எவ்வளவு பண்பட்ட கலையாக முடியும் என்பதைக் கண்டுகொள்வார்.

முதல் வரியே அழகானது. 1880 வரை கொழும்பு நேரம் கிரீனிச்சுக்கு 5 மணி 19 நிமிடம் 24 விநாடி முந்தியது என்கிறது அது. கொழும்பின் தீர்க்கரேகை கிழக்கு 79 பாகை 51 கலை. பாகைக்கு நான்கு நிமிடம், கலைக்கு நான்கு விநாடி என்று பெருக்கினால் அதே எண் ஒரு விநாடியும் பிசகாமல் வரும். அடுத்த வரி 1906 வரை நடந்த மொறட்டுவை நேரம். எட்டு விநாடி கூடுதல். மொறட்டுவை இரண்டு கலை கிழக்கே இருப்பதுதான் காரணம். பென்சிலும் தாளும் இருந்தால் எவரும் சரிபார்த்துவிடலாம். திருத்த விரும்புகிறவனுக்கு ஓர் ஆவணம் செய்யக்கூடிய பெரிய மரியாதை இது.

1906 இல் ஐந்தரை மணி வந்தது. உலகப் போர்க்கால மாற்றங்களைக் கழித்தால் 1996 வரை அதுவே நிலைத்தது. அந்த ஆண்டு மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றின. மின்சாரத்துக்குப் பெரிதும் நீரையே நம்பியிருந்த நாட்டில் நீண்ட மின்வெட்டு வந்தது. மாலை வெளிச்சத்தை மிச்சப்படுத்த அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளியது. அதை முன்கூட்டி அறிவித்த செய்தி சொன்ன நேரம் வெள்ளிக்கிழமை நள்ளிரவு. இது எந்த நள்ளிரவு? வெள்ளி தொடங்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா? தரவுத்தளக் குறிப்பு அச்செய்தியிலிருந்த கிரீனிச் நேரம் 18.30 என்பதோடு, அச்செய்தியின் திகதியையும் விடாமல் எடுத்துவைத்திருக்கிறது: மே 24, வெள்ளி. 18.30 உடன் ஐந்தரையைக் கூட்டினால் நள்ளிரவு பன்னிரண்டு; வெள்ளி தொடங்கிய நள்ளிரவோ செய்தி வந்தபோது கடந்துவிட்டது. ஆகவே மாற்றம் மே 25 சனி பிறந்த கணத்தில். அடைப்புக்குறிக்குள் கிடந்த ஒரு திகதி ஒரு நாள் பிழையைத் தடுத்துவிட்டது. அச்செய்தி 1999 ஆகஸ்டில் தேடியபோது கிடைக்கவில்லை என்றும் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. சான்று மறைந்ததையும் சான்றாகப் பதிவது இந்தக் கலையின் உச்சங்களில் ஒன்று.

அதே ஆண்டு ஒக்டோபர் 26 இல் அரை மணி பின்னுக்கு வந்தது. அப்போதைய ஊடக அமைச்சர் தர்மசிறி சேனநாயக்கவின் அறிவிப்பு டெய்லி நியூஸ் பத்திரிகையில் வந்தபடி குறிப்பில் இருக்கிறது: அதிகாலை 12.30 முதல் இலங்கை கிரீனிச்சுக்கு ஆறு மணி நேரம் முந்தியிருக்கும். 12.30 என்பது பழைய கடிகாரமா, புதியதா என்று அறிவிப்பு சொல்லவில்லை. தரவு வரி அதைப் பழைய கடிகாரமாகவே கொள்கிறது. அப்படியானால் அன்றிரவு பன்னிரண்டுக்கும் பன்னிரண்டரைக்கும் இடைப்பட்ட அரை மணி இருமுறை நடந்திருக்கிறது.

2006 இல் மீண்டும் ஐந்தரைக்குத் திரும்பியபோது வந்த அறிவிப்பு இந்தக் குழப்பத்துக்கு இடமே வைக்கவில்லை. ஏப்ரல் 15 நள்ளிரவு கடந்து 30 நிமிடம் என்பது ஏப்ரல் 14 இன் 24 மணி ஆகும் என்று இரு கடிகாரங்களையும் அது அருகருகே வைத்தது. புத்தாண்டு விடுமுறையை ஒட்டி நடந்த அந்த மாற்றத்தின் வாசகம், எந்தக் கடிகாரத்தில் எந்த நேரம் என்று எழுத நினைக்கும் எவருக்கும் பாடமாக வைக்கத்தக்கது.

இந்தப் பத்து ஆண்டுகளில் நாட்டில் ஒரே நேரம் இருக்கவில்லை. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய நேரமே நடந்தது. 2002 போர்நிறுத்தத்தின் பின் ஏ9 வீதியில் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போன பேருந்துப் பயணி, ஓமந்தையில் கடிகாரத்தை அரை மணி பின்னுக்கும் முகமாலையில் மறுபடி முன்னுக்கும் வைக்க வேண்டியிருந்தது. இதற்காகத் தரவுத்தளம் புதிய வலயம் எதையும் உருவாக்கவில்லை. 1970க்குப் பின் அப்பகுதியின் நேரம் இந்திய நேரத்தோடு ஒத்துப்போவதால் கொல்கத்தா வலயத்தைப் பயன்படுத்தலாம் என்று எகர்ட் ஒரு வாக்கியம் எழுதினார். அரசியல் தீர்ப்பு எதுவுமில்லை. அங்கே வாழ்பவரின் கடிகாரம் சரியாக ஓட வேண்டும் என்ற அக்கறை மட்டும். 2008 இல் கல்கத்தா வலயம் கொல்கத்தா எனப் பெயர் மாறியதும், 2006 திகதியிட்ட அவ்வாக்கியத்துக்குள் புதிய பெயர் சதுர அடைப்புக்குள் வந்தது. தன் பழைய எழுத்தில் கைவைத்ததைக்கூட மறைக்காத நேர்மை அந்த இரண்டு கோடுகளில் இருக்கிறது.

வந்த திருத்தம் எல்லாம் ஏற்கப்படுவதில்லை. 2016 ஒக்டோபரில், இலங்கை நேரத்தின் சுருக்கக்குறி எஸ்.எல்.எஸ்.டி. என்று அளவீட்டு அலகுகள் திணைக்களத்தின் தளத்தைச் சான்று காட்டி ஒரு திருத்தம் வந்தது. எகர்ட் செய்திகளில் தேடிப் பார்த்தார். கிரிக்கெட் ஆட்ட நேரங்களோடு வந்த மூன்று இடங்களே கிடைத்தன. அதுவரை கோப்பில் இருந்த எல்.கே.டி. அதைவிட மோசம் என்பதையும் ஒப்புக்கொண்டு, இரண்டையும் விட்டு, வெறும் எண்ணை வைத்தார். வழக்கு உருவாகாத பெயரை ஆவணம் தானாக உருவாக்கிவிடக் கூடாது என்ற அந்த அடக்கம், திருத்துவதைவிடக் கடினமானது.

கொழும்பில் இந்த அரை மணிக்கு வீட்டுக்குள் கனமுண்டு. 1996க்கும் 2006க்கும் இடையில் பிறந்த பிள்ளைக்குச் சாதகம் கணிக்கும்போது நேரவித்தியாசத்தைத் தவறாக எடுத்தால் லக்கினம் பிசகலாம்; பதின்மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மாறும் நவாம்ச லக்கினம் நிச்சயம் பிசகும். தரவுத்தளத்தின் பழைய எண்கள் பலவற்றுக்கு மூலமும் சோதிடர்களுக்காகத் தொமஸ் ஷாங்ஸ் தொகுத்த உலக அட்லஸ்தான். அதன் உரிமையைக் கோரி ஆஸ்ட்ரோலேப் என்ற சோதிட மென்பொருள் நிறுவனம் 2011 இல் ஓல்சன் மீதும் எகர்ட் மீதும் வழக்குத் தொடர்ந்தது. 2012 இல் அதைத் திரும்பப் பெற்றது. இடையில் தரவுத்தளம் ஐயானா அமைப்பின் பொறுப்புக்குப் போயிற்று.

அட்லஸிலிருந்து வந்த எண்களுக்கு 1996 இன் எண்களைப் போன்ற சான்றுரை கிடையாது. போர்க்கால வரிகள் அப்படிப்பட்டவை. 1942 ஜனவரி 5 இல் ஆறு மணியாகி, செப்டம்பரில் ஆறரையாகி, 1945 ஒக்டோபர் 16 இல் ஐந்தரைக்கு மீண்டது என்கின்றன அவை. 1942 ஏப்ரல் 5 உயிர்த்த ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொட்டாஞ்சேனையை ஒட்டிய துறைமுகத்தைத் தாக்கிய காலையின் நேரக் குறிப்புகளை இந்த ஆறு மணிக் கணக்கோடுதான் பொருத்த வேண்டும். ஆனால் செப்டம்பர் வரியில் மாதம் மட்டுமே உண்டு, நாள் இல்லை. நாள் இல்லாத இடத்தில் கணினி முதலாம் திகதியை எடுத்துக்கொள்ளும். அக்காலத்து வர்த்தமானிகளைத் தேசிய சுவடிகள் திணைக்களத்திலும், 1930 முதல் வெளிவரும் வீரகேசரியின் பழைய இதழ்களிலும் தேடலாம். நாள் அகப்பட்டால் செய்ய வேண்டியது: அந்த வரியில் ‘செப்டம்பர்’ என்பதன் பின் ஓர் எண், மேலே பத்திரிகைப் பெயரும் திகதியும் பக்கமும் சொல்லும் இரு வரிக் குறிப்பு, பழைய கடிகாரமா புதியதா என்ற தெளிவு.